பாத்திரம் அறிந்து பிச்சையிட்ட ஊர்: லண்டன் நாட்குறிப்பு

திங்கள், ஈஸ்ட் ஹாம்

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை படித்தவர்களுக்குத் தெரியும், முதல் பருவத்தின் முதல் தாளே சமூகப் பணியின் வரலாறுதான். 1601, 1834, 1869, 1884 என்று ஆண்டுகளை நெட்டுருப் போட்டு எழுதிவிட்டு, அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். நானும் மதுரையில் அப்படித்தான் தேறினேன். அதன்பின் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ சமூகப் பணியாளர் வேலை. காப்பீட்டு அட்டை, வருமானச் சான்றிதழ், ஆதரவற்ற நோயாளிக்கு ஒரு இடம், ஓடிப்போன மகனுக்கு ஒரு போன் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

இப்போது பெரியம்மா மகள் பிடிவாதமாக லண்டனுக்கு வரவழைத்திருக்கிறாள். அக்கா வீடு ஈஸ்ட் ஹாமில். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கினால் முருங்கைக்காயும் இட்லி மாவும் தங்க மாளிகையும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பனிமூச்சு மட்டும் இல்லையென்றால் திருநெல்வேலி டவுன் என்றே சொல்லிவிடலாம். அத்தான் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ என்று பட்டியல் வாசித்தார். நான் என் பட்டியலை நீட்டினேன். படித்துவிட்டு அவர், "இதெல்லாம் எங்கே இருக்கிறது?" என்றார். இருபது வருடமாக அவர் தினமும் கடந்துபோகும் ரயில் பாதையில்தான் பாதி இருக்கிறது.

அக்கா முதியோர் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறவள். இரவு சாப்பிடும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நீ என்ன வேலை செய்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல். சோஷியல் ஒர்க்கர் என்று சொல்லிவிடாதே." பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இங்குள்ள நம்மவர்களிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறதாம். எங்கள் ஊரில் எங்களைக் கண்டால் பயப்படுவதில்லை, பென்ஷன் வாங்கித் தருவோம் என்று ஓடி வருகிறார்கள். ஒரே தொழிலுக்கு இரண்டு முகம். எப்படி இந்த இரண்டும் ஒன்றாக வந்தன என்று பார்க்கத்தான் இந்த வாரம் முழுவதும் அலையப் போகிறேன்.

செவ்வாய், ஒயிட்சேப்பல்

ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால் கமர்ஷியல் தெரு. ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரங்கள், மறுபக்கம் வங்காளிகளின் துணிக்கடைகள். நடுவே சற்று உள்வாங்கி நிற்கிறது டாயின்பி ஹால். செங்கல் சுவர், கூரான முகடுகள், உயரமான புகைபோக்கி என்று கிராமத்துப் பண்ணையார் வீடு ஒன்றைப் பெயர்த்து வந்து நட்டது போன்ற கட்டடம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து முன்பகுதி போய்விட்டது. எஞ்சியது இப்போது பழுது பார்க்கப்பட்டு மினுமினுக்கிறது.

1873இல் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் மனைவி ஹென்ரிட்டாவும் இங்கிருந்த செயின்ட் ஜூட் தேவாலயத்துக்கு வந்தார்கள். மறைமாவட்டத்திலேயே மோசமான பங்கு என்று ஆயரே எச்சரித்து அனுப்பிய இடம். வந்ததும் பார்னெட் செய்த முதல் காரியம், வாசலில் காசு கொடுப்பதை நிறுத்தியது. கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம், அன்றைக்கு அதுதான் புதிய விஞ்ஞானம்! 1869இல் தொடங்கிய சேரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டியின் கொள்கை அது. கண்டபடி கொடுக்கிற தர்மம் ஏழையைக் கெடுக்கிறது; விசாரித்து, தகுதி பார்த்து, தகுதியானவருக்கு மட்டும் கொடு; தகுதியில்லாதவரை 1601இலிருந்து இருந்துவந்த ஏழைகள் சட்டத்துக்கு, அதாவது வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் வேலைவிடுதிக்கு அனுப்பு. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பாட்டிகள் ஒரே வரியில் சொன்னதற்கு இவர்கள் அலுவலகம் போட்டு, படிவம் அச்சடித்து, மாவட்டக் கமிட்டி வைத்தார்கள். கேஸ் ஃபைல் என்று இன்று என் மேசையில் அடுக்கியிருப்பவற்றுக்கு அந்தப் படிவம்தான் கொள்ளுத் தாத்தா.

ஆனால் பார்னெட் அங்கேயே நின்றுவிடவில்லை. தெருவில் வாழ வாழ அவருக்குச் சங்கத்தின் கணக்கு உதைக்கத் தொடங்கியது. விசாரிக்க வருகிறவன் மேற்கு லண்டனிலிருந்து வந்து, மாலை வண்டியில் திரும்பிப் போகிறான், அவனுக்கு என்ன தெரியும்? படித்த இளைஞர்கள் இங்கேயே குடியிருக்கட்டும் என்றார். 1884 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து முதல் ஆட்கள் வந்து தங்கினார்கள். முந்தைய ஆண்டு முப்பது வயதில் இறந்துபோன பொருளாதார வரலாற்றாசிரியர் ஆர்னால்ட் டாயின்பியின் பெயரை அந்த இல்லத்துக்கு வைத்தார்கள். பத்து வருடம் கழித்து பார்னெட், தான் சார்ந்திருந்த சங்கத்தையே வெளிப்படையாக விமர்சித்துப் பேசினார்.

உள்ளே மண்டபத்தின் சுவரில் மரத்தின் உருவம் பொறித்த வட்டப் பதக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கே தங்கியிருந்த ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞரும் அவரிடம் படித்த உள்ளூர்ப் பையன்களும் செய்தவை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கண் கீழே காத்திருந்தவர்களிடம் போய்விட்டது. பிளாஸ்டிக் பைக்குள் காகிதக் கட்டு, கையில் டோக்கன், முகத்தில் இன்றைக்காவது முடியுமா என்ற கேள்வி. 1898இல் இங்கே தொடங்கிய இலவசச் சட்ட ஆலோசனை இன்னும் நடக்கிறது. பிளாஸ்டிக் பையைத் திறந்து காகிதங்களை வயிற்றோடு அணைத்து எடுக்கிற அந்தக் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வெளிநோயாளிகள் பிரிவிலும் அப்படித்தான் எடுப்பார்கள்.

1888இல் ஜேன் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய், அடுத்த ஆண்டே சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். 1931இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. சிகாகோ என்ற பெயரை மனதில் வைத்திருங்கள், வெள்ளிக்கிழமை தேவைப்படும்.

புதன், கிரேஸ் இன் ரோடு

மழை. அக்காவின் குடை, அத்தானின் கோட். கிங்ஸ் கிராஸில் இறங்கி நடந்தேன்.

இந்தத் தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனை 1970களிலேயே ஹாம்ப்ஸ்டெட்டுக்குப் போய்விட்டது, பழைய வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் கட்டட வேலை. ஆனாலும் என் பட்டியலில் முதலில் எழுதிய இடம் இதுதான். 1895 ஜனவரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். உலகத்தின் முதல் மருத்துவமனை சமூகப் பணியாளர் என்று எங்கள் பாடத்தில் வருகிறவர். ஆல்மனர் என்பது அன்றைய பதவிப் பெயர்.

அவரைக் கொண்டுவந்தவர் அதே சேரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டியின் செயலாளர் சார்லஸ் லாக். அவருடைய கவலை நோயாளிகளைப் பற்றியது அல்ல. இலவச மருத்துவமனையில் காசு இருப்பவர்களும் வந்து ஓசியில் மருந்து வாங்கிப் போகிறார்கள், அவர்களைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். சம்பளத்தின் பெரும்பகுதியையும் சங்கமே கொடுத்தது. மூன்று மாதம் சோதனைக்கு என்று போட்டார்கள்.

மேரி ஸ்டூவர்ட் வெளிநோயாளிகள் பகுதியின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்டுப் பார்த்ததில் ஏமாற்றுக்காரர்கள் பயந்த அளவுக்கு இல்லை. மாறாக வேறு ஒன்று தெரிந்தது. மருத்துவர் சத்தான ஆகாரம் சாப்பிடச் சொல்கிறார், வீட்டில் ரொட்டியே இல்லை. ஓய்வெடுக்கச் சொல்கிறார், ஓய்வெடுத்தால் வேலை போய்விடும். மருந்து சீட்டில் எழுத முடியாத நோய்கள் இவை. வடிகட்ட வைத்த ஆள், வழி தேடித் தருகிற ஆளாக மாறினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னதும் இதேதான்: தகுதியில்லாதவர் காப்பீட்டில் நுழைந்துவிடாமல் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். சரிபார்க்கும்போதுதான் தெரியும், அட்டையில் பெயர் இருக்கிற கணவன் போய் ஆறு வருடம் ஆகிறது என்று. மேரி ஸ்டூவர்ட்டின் மூலைக்கும் என் மேசைக்கும் நடுவே நூற்றுமுப்பது வருடம் இருக்கிறது, கேள்வித்தாள் ஒன்றுதான்.

இங்கே ஒரு நாள் அந்தக் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. யாரும் காசு கட்ட வேண்டியதில்லை என்றானதும், யாரால் கட்ட முடியும் என்று விசாரிக்கிற வேலையும் போயிற்று. ஆல்மனர்கள் வேலை இழக்கவில்லை. மீதியிருந்த வேலைதான் உண்மையான வேலை என்று அதைச் செய்தார்கள். 1960களில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று பெயரும் மாறியது.

மழை விடவில்லை. எதிரே இருந்த கடையில் தேநீர் வாங்கினேன். பால் ஊற்றிய வெந்நீர்.

வியாழன், சதர்க்

மான்யுமென்ட் நிலையத்தில் இறங்கி, லண்டன் பிரிட்ஜ் வழியாக நடந்து, பரோ மார்க்கெட்டின் பாலாடைக்கட்டி வாசனையைத் தாண்டி ரெட்கிராஸ் வேக்கு வந்தேன். சின்னத் தெரு. அதில் ஒரு தோட்டம், குளம், சிறு பாலம், அதை ஒட்டி பொம்மை வீடுகள் மாதிரி ஆறு குடிசை வீடுகள். 1887இல் ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்த ஆக்டேவியா ஹில் உருவாக்கியது. அதற்கு முன் இங்கே எரிந்து பாழான காகிதத் தொழிற்சாலை இருந்தது. வீட்டுக்குள் காற்று இல்லாதவர்களுக்கு வெளியிலாவது ஒரு உட்காரும் அறை வேண்டும் என்று சொல்லி மண் கொட்டிச் செடி நட்டார். பெஞ்சில் மதிய உணவு டப்பாவோடு அலுவலகப் பிள்ளைகள், குளத்தில் மீன். உண்மையிலேயே அழகான இடம்.

ஆக்டேவியா ஹில்லை எனக்குப் பிடிக்காது. வகுப்பில் கேட்ட நாளிலிருந்தே பிடிக்காது. இன்று அவர் தோட்டத்தில் உட்கார்ந்து அந்த வழக்கை மறுபடி விசாரித்தேன்.

1865இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் பணத்தில் மேரிலபோனில் மூன்று பழைய வீடுகளை வாங்கினார்கள். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் வர வேண்டும் என்பது நிபந்தனை, தர்மம் அல்ல. ஆக்டேவியா தானே வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் வாடகை வசூலித்தார். வாடகை வாங்குகிற சாக்கில் உள்ளே போகலாம். சுவர் ஒழுகுகிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, கணவன் குடிக்கிறானா எல்லாம் தெரியும். செலவு போக மிஞ்சிய பணத்தில் எதைப் பழுது பார்ப்பது என்று குடியிருப்பவர்களையே சொல்லச் சொன்னார். பாக்கி வைத்தால் தயவு கிடையாது, வெளியேற்றம்தான். பிறகு இதற்கென்று பெண்களைப் பழக்கினார். சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற பெண்கள், கையில் கணக்குப் புத்தகம், ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் குறிப்பு. களப்பணியும் மேற்பார்வையும் இங்கேதான் உருவாயின. இதே சதர்க்கில் நெல்சன் சதுக்கத்தில் டாயின்பி ஹால் பாணியில் 1887இல் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகக் குடியிருப்பில் 1890களில் முறையான பயிற்சி வகுப்புகள் வந்தன. முதல் தலைமுறைப் பெண் சமூகப் பணியாளர்கள் பலர் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

சரி, எங்கே பிடிக்காமல் போகிறது? முதியோர் ஓய்வூதியத்தை அவர் எதிர்த்தார். நகராட்சி வீடு கட்டிக் கொடுப்பதை எதிர்த்தார். பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டுரிமையையும் எதிர்த்தார். அரசு கொடுத்தால் மனிதன் முதுகெலும்பு இழந்துவிடுவான் என்பது கடைசிவரை அவர் நம்பிக்கை. 1905இலிருந்து 1909 வரை ஏழைகள் சட்டத்தைப் பரிசீலித்த ராயல் கமிஷனில் உறுப்பினராக இருந்தபோதும் பழைய ஒழுங்கைத் திருத்தி வைத்துக்கொள்வோம் என்ற பெரும்பான்மைப் பக்கமே நின்றார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஏழையின் வீட்டுக்குள் போய் மாறி வந்தார்கள், நாற்பது வருடத்துக்கு மேல் போன இவர் மாறவில்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. வாரா வாரம் அதே நாளில், அதே நேரத்தில், சொன்னபடி வருகிற ஒரு ஆள். என் வேலையில் பாதி இதுதான். நலத்திட்டம் கைவிடும், ஃபைல் தொலையும், ஆனால் சொன்ன செவ்வாய்க்கிழமை போய் நின்றால் அந்த வீடு நம்பத் தொடங்கும். அதைத் தொழிலாக்கியவர் இந்த அம்மாதான்.

அதே தெருவில் கொஞ்சம் தள்ளி ஒரு இரும்புக் கதவு. முழுவதும் ரிப்பன், காய்ந்த பூ, சாவி வளையம், துண்டுச் சீட்டு. கிராஸ்போன்ஸ் இடுகாடு. பாலியல் தொழிலாளிகளும் பிச்சைக்காரர்களும் புதைக்கப்பட்ட மண். இடமே இல்லாமல் நிரம்பி 1853இல் மூடினார்கள். தோட்டத்திலிருந்து இங்கே வர இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

வெள்ளி, ஆல்ட்விச்

டெம்பிள் நிலையம், பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். அத்தானுக்கு இந்த ஒரு இடம் மட்டும் தெரிந்திருந்தது, அம்பேத்கர் படித்த இடம் என்று.

சார்லஸ் பூத்தின் வறுமை வரைபடங்கள் இங்குள்ள நூலகத்தில்தான் இருக்கின்றன, இணையத்திலும் யாரும் பார்க்கலாம். பூத் கப்பல் முதலாளி. லண்டனில் கால்பங்கு மக்கள் வறுமையில் இருக்கிறார்கள் என்று சோஷலிஸ்டுகள் சொன்னதை மிகை என்று நினைத்து, அதை உடைக்கவே இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. 1886இல் சொந்தக் காசில் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் நடத்தினார். ஏழைகளிடம் நேரே போகாமல், பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கும் பள்ளி வாரிய ஊழியர்களை உட்கார வைத்துக் கேட்டார். வந்த விடை 30.7 சதவீதம். சோஷலிஸ்டுகள்தான் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்.

வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் நிறம். செல்வந்தருக்கு மஞ்சள், நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, ஊதா, வெளிர்நீலம், கருநீலம், கடைசியில் கறுப்பு. கறுப்புக்கு அவர் எழுதிய விளக்கம் கீழ்த்தரம், தீயொழுக்கம், பாதி குற்றவாளிகள் என்று. செவ்வாய்க்கிழமை நான் நடந்த கமர்ஷியல் தெருவை விரலால் தேடினேன். முகப்பு சிவப்பு, ஒரு சந்து உள்ளே போனால் கருநீலமும் கறுப்பும். ஆனால் அதே பூத்தின் காரணப் பட்டியலைப் பாருங்கள். கடும் வறுமையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் நிலைக்குக் காரணம் வேலையும் கூலியும். குடியும் ஊதாரித்தனமும் ஏழில் ஒரு பங்கு. நிறம் பூசிய கை ஒரு தீர்ப்பு எழுதியது, கூட்டிப் பார்த்த கை வேறு தீர்ப்பு எழுதியது.

பூத்துக்கு உதவியவர்களில் ஒருவர் பியாட்ரிஸ் பாட்டர். அவரும் ஆக்டேவியா பாணியில் லண்டன் டவர் பக்கம் கேதரின் பில்டிங்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வாடகை வசூலித்தவர். வசூலித்து, எண்ணி, எழுதி, ஒரு கட்டத்தில் இது தனிமனிதர்களின் குணத்தைத் திருத்தித் தீருகிற காரியம் அல்ல என்று கண்டுகொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு பியாட்ரிஸ் வெப். 1895இல் கணவர் சிட்னியோடும் நண்பர்களோடும் இந்தக் கல்லூரியைத் தொடங்கினார். ராயல் கமிஷனில் ஆக்டேவியாவின் அணிக்கு எதிரே உட்கார்ந்து, ஏழைகள் சட்டத்தையே உடைத்துவிடுங்கள் என்று சிறுபான்மை அறிக்கை எழுதியவரும் இவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், சேரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி 1903இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பணமில்லாமல் தடுமாறி, 1912இல் இந்த எதிரணியின் கல்லூரியோடுதான் சேர்ந்தது. சமூக அறிவியல் துறை என்று ஆனது. இரண்டு அணியும் ஒரே வகுப்பறையில்! எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு தாள் தனிமனிதரைத் திருத்து என்றும், அடுத்த தாள் அமைப்பை மாற்று என்றும் சொல்வதன் பூர்வீகம் இதுதான்.

அந்தத் துறை தலைதூக்க வந்த பணம் எங்கிருந்து தெரியுமா? பம்பாய். ஜம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் சர் ரத்தன் டாடா, வறுமையின் காரணங்களை ஆராய ஆண்டுக்கு 1,400 பவுண்டு கொடுத்தார். அதில் நடந்த ஆய்வு மையத்தின் இயக்குநர் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆர்.எச். டானி. சங்கிலி செய்யும் தொழிலிலும் தையல் தொழிலிலும் குறைந்தபட்சக் கூலி என்ன செய்தது என்பதே அவருடைய முதல் ஆய்வுகள். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் சிறைக்குப் போன போராட்டத்துக்கும் இதே ரத்தன் டாடாதான் பணம் அனுப்பினார். இங்கிலாந்து இந்தியாவுக்குச் சமூகப் பணி கற்றுக்கொடுத்தது என்று தேர்வில் எழுதினோமே, இந்தக் கணக்குப் பக்கத்தை யாரும் காட்டவில்லை.

இப்போது சிகாகோ. அங்கே படித்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற மிஷனரி 1920களில் பம்பாய்க்கு வந்து, நாக்பாடாவில் ஹல் ஹவுஸ் மாதிரியில் ஒரு இல்லம் நடத்தினார். டாடா அறக்கட்டளையிடம் அவர் பேசியதில் 1936இல் அந்த இல்லத்திலேயே தொடங்கியது சர் டோராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டப் பள்ளி, இன்றைய டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு முதல் கல்லூரி அது. மான்ஷார்ட்டுக்குப் பின் இயக்குநரானவர் தஞ்சாவூர்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளாதாரம் எழுதிய ஜே.சி. குமரப்பாவின் அண்ணன். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். என் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் அங்கே படித்தவர்கள்.

1915இல் அமெரிக்காவின் பால்டிமோர் மாநாட்டில் கல்விச் சீர்திருத்தவாதி ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், சமூகப் பணி இன்னும் ஒரு தொழில் ஆகவில்லை என்று ஒரே போடாகப் போட்டார். அதற்குப் பதில் சொல்லியே நூறு வருடம் போய்விட்டது. இங்கே இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து பதிவு பெறாதவர் தன்னைச் சோஷியல் ஒர்க்கர் என்று சொல்லிக்கொள்வது சட்டவிரோதம். நம் ஊரில் தேர்தலுக்கு நிற்கிற ஒவ்வொருவரும் தொழில் என்ற இடத்தில் சமூக சேவகர் என்று போட்டுக்கொள்கிறார். சமூகப் பணிக்கென்று எங்களுக்குத் தனிச் சபை கிடையாது.

சனி, மைல் எண்ட்

அக்காவுக்கு விடுமுறை, கூடவே வந்தாள். ரீஜன்ட்ஸ் கால்வாய் ஓரத்தில் காப்பர்ஃபீல்ட் ரோடு, பழைய கிடங்குக் கட்டடத்தில் ராகெட் ஸ்கூல் மியூசியம். சீனாவுக்கு மிஷனரியாகப் போக வேண்டும் என்று லண்டன் வந்த தாமஸ் பர்னார்டோ, போகாமல் இங்கேயே தங்கி 1877இல் நடத்திய இலவசப் பள்ளி. மரப் பெஞ்சு, சிலேட்டு, மணி எல்லாம் அப்படியே. அக்கா உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள்.

பர்னார்டோ ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டார், அதில் சந்தேகமில்லை. நன்கொடைக்காகப் படங்களும் அச்சடித்து விற்றார்: கந்தலோடு வந்த பையன், அதே பையன் சீருடையில். கந்தலை இன்னும் கிழித்துப் படம் எடுத்தார் என்று புகார் எழுந்து 1877இல் நடுவர் விசாரணையே நடந்தது. அதைவிடப் பெரியது இன்னொன்று. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து, சில சமயம் சம்மதமே இல்லாமல், எடுத்துப் போனார். தர்மத்துக்கான கடத்தல் என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். அவர் நிறுவனம் மட்டும் சுமார் 30,000 பிள்ளைகளைக் கப்பலேற்றி கனடாவுக்குப் பண்ணை வேலைக்கு அனுப்பியது. எல்லோரும் அநாதைகள் அல்ல. 2010இல் பிரதமர் கார்டன் பிரவுன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இதைச் சொன்னதும் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்படியானால் நாங்கள் பயப்படுவது சும்மா இல்லை" என்றாள். சும்மா இல்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. 2000இல் இதே ஊரில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பெண் குழந்தை, வளர்த்தவர்களின் கொடுமையில் செத்துப்போனாள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் 12 தவறவிடப்பட்டன என்று லேமிங் விசாரணை எண்ணிச் சொன்னது. எடுத்தாலும் பழி, எடுக்காவிட்டாலும் பழி. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தூக்கம் வராத இடம் இது.

அங்கிருந்து குவீன் மேரி பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்தோம். கிளமென்ட் அட்லியின் வெண்கலச் சிலை நிற்கிறது. வழுக்கைத் தலை, கோட், கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு மனிதர். வசதியான வீட்டுப் பிள்ளை, வக்கீல். 1905இல் ஸ்டெப்னியில் ஏழைப் பையன்களுக்கான மன்றத்துக்கு ஒரு மாலை எட்டிப் பார்க்கப் போனவர், பிறகு அங்கேயே குடியேறினார். டாயின்பி ஹாலில் கொஞ்ச நாள் செயலாளர், நேற்று சொன்ன லண்டன் ஸ்கூலில் சமூகப் பணி ஆசிரியர், 1920இல் சமூகப் பணியாளரைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1945இல் பிரதமர். 1948இல் அவர் அரசு கொண்டுவந்த தேசிய உதவிச் சட்டத்தின் முதல் பிரிவு, ஏழைகள் சட்டம் இனி செல்லாது என்றது. 1601இலிருந்து நான் மனப்பாடம் செய்த வரிசைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் ஒரு முன்னாள் களப்பணியாளர். இந்தியா சுதந்திரம் அடைந்தபோது இருந்த பிரதமர் என்றுதான் அக்காவுக்கு அவரைத் தெரியும்.

போவில் கிங்ஸ்லி ஹாலையும் வெளியிலிருந்து பார்த்தோம். முரியல், டோரிஸ் லெஸ்டர் சகோதரிகள் நடத்திய இல்லம். 1931 வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி ஹோட்டல் வேண்டாம் என்று இதன் மொட்டை மாடி அறையில் தங்கினார். பிறந்தநாளுக்குத் தெருப் பிள்ளைகள் பொம்மை நாய் கொடுத்தார்கள். அக்காவுக்குக் கால் வலி, ரயில் ஏறிவிட்டோம்.

ஞாயிறு, ஈஸ்ட் ஹாம்

இன்று எங்கும் போகவில்லை. அக்கா பார்த்துக்கொள்கிற மூதாட்டி ஒருவருக்குப் பராமரிப்பு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். போனிலேயே மதிப்பீடு செய்து, காலை வருகையைப் பதினைந்து நிமிடம் ஆக்கிவிட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பிட வைக்க வேண்டும். மறு மதிப்பீடு கேட்டு ஒரு கடிதம் எழுத முடியுமா என்று அந்த அம்மாவின் மகள் அக்காவைக் கேட்டிருக்கிறார். அக்கா என்னைக் கேட்டாள்.

2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிரிவு 9. ஒருவருக்குப் பராமரிப்பு தேவைப்படலாம் என்று தோன்றினாலே உள்ளாட்சி மதிப்பீடு செய்ய வேண்டும். அவருடைய தேவை எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே எண்ணி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. காசு யார் கட்டுவது என்ற கணக்கு அதற்குப் பிறகுதான். முதலில் தேவை, பிறகு பணம். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த இடங்களைத்தான் வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினோம். நாற்காலியிலிருந்து தானாக எழ முடியாது. இடது கையால் தேநீர்க் கோப்பை பிடிக்க முடியாது. மாத்திரைகளை நிறம் பார்த்துப் பிரிக்கக் கண் தெரியவில்லை. கழிப்பறை போகும் வழியில் கடந்த மாதம் விழுந்தார். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் வரிசைப்படுத்தினேன். கடைசியில் அவள், "கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டினார், வரி கட்டாமல் இருந்ததில்லை, இந்த அம்மா யாரிடமும் கை நீட்டியதில்லை, வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போனவர், இதையும் எழுது" என்றாள்.

அது தேவையில்லை அக்கா, நல்லவரா என்று சட்டம் கேட்கவில்லை, எழுந்து நடக்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது என்று விளக்கினேன். ஆல்மனர், பூத், பியாட்ரிஸ் என்று மறுபடி ஒரு சுற்று ஓட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வரியைக் கீழே சேர்த்துவிட்டாள்.